கேட்டுக்காரர் என்ன செய்கிறார்?

சாயந்திரம் நாலே முக்காலுக்குக் குணசுந்தரி பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, ரெஜிஸ்தரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அவள் அப்பா பச்சையப்பன் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

"எழுது கண்ணு. ஆறு பன்னெண்டு. அப் லோக்கலு. நம்பரு முப்பத்தொம்போது. ஆறு நாப்பத்தொண்ணு, டவுன் கூட்ஸு, நம்பரு எழுவத்திரெண்டு. ஏழு அஞ்சி..."

திருவள்ளூர் ஊர் ஓரத்தில், கிராமத்து ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் அவர் கேட்டுக்காரர். ஒவ்வொரு ரயிலுக்கும் முன்னால் ஸ்டேஷனிலிருந்து டெலிபோன் மணி அடிக்கும். மாஸ்டர் அந்த ரயிலுக்கென்று ஒரு அடையாள நம்பர் கொடுப்பார். பச்சையப்பன் கேட்டை இழுத்து மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும். ரயில் போனதும் என்ன ரயில், அப் திசையா டவுன் திசையா, எத்தனை மணி, என்ன நம்பர் என்று ரெஜிஸ்தரில் எழுத வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் அவருக்கு வராது. இரண்டாம் கிளாஸோடு மாடு மேய்க்கப் போனவர். அப்புறம் தண்டவாளக் கூலியாகச் சேர்ந்து, சம்மட்டி தூக்கித் தூக்கி முதுகு போனதும் கேட்டுக்கு மாற்றினார்கள். நம்பரைப் படிப்பார், கடிகாரம் பார்ப்பார், தன் பேரைக் கையெழுத்துப் போடுவார். மற்றபடி பேனாவைப் பிடித்தால் கை கட்டை போல் நின்றுவிடும்.

அதனால் பகல் முழுக்க ஓடின ரயில்களையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மகள் வந்ததும் ஒவ்வொன்றாக இறக்கிவைப்பார். ஒரு நம்பர் மாறாது, ஒரு நிமிஷம் பிசகாது. அடேயப்பா, அப்படி ஒரு தலை! பக்கத்தில் அம்மா சின்னப்பொண்ணு, எஞ்சின்காரன் தண்டவாள ஓரத்தில் கொட்டிவிட்டுப் போன கரியைப் பொறுக்கி வந்து அடுப்பில் போட்டு ஊதிக்கொண்டிருப்பாள். ஆறு மணிக்கு ராத்திரி டியூட்டி துளசிராமன் சைக்கிளில் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். அவர் தன் பக்கத்தைத் தானே எழுதிக்கொள்வார், ஐந்தாவது பாஸ் ஆனவர்.

கேட்டுக்காரர்தான் தன் கையால் அப்போதைக்கப்போது எழுத வேண்டும் என்பது ரூல். அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் இரண்டு வருஷமாக எந்த ஆபீசரும் வந்து பார்க்கவில்லை. எழுதினது மகள், நடந்தது நிஜம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். குணசுந்தரிக்கு அந்த ஒரு மணி நேரம் ரொம்பப் பிடிக்கும். நாள் பூராவும் கொடி பிடிக்கிற அப்பா அந்த நேரம் அவளுக்கே அவளுக்கு.

சந்திரனில் ஆள் இறங்கின வருஷம் அது. குணசுந்தரி பத்தாவது. தமிழ் வாத்தியார் பாக்கியநாதன் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்குக் 'கருத்து வகுப்பு' என்று பேர் வைத்திருந்தார். புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவார்.

"எதைப் பத்தி வேணும்னாலும் சொல்லுங்க. வீடு, படிப்பு, நாட்டு நடப்பு, எதுவானாலும் சரி. தப்பு ரைட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். ஏன் அப்படித் தோணுதுன்னு மட்டும் சொல்லணும்."

முதல் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாத்தியாருக்கு முன்னால் கருத்து சொல்வதாவது! நாலாம் வாரத்தில் மடை திறந்துகொண்டது. கோயில் அர்ச்சகர் வீட்டுப் பையன் ராமபத்ரன் எழுந்து, "சந்திரன்ல மனுஷா எறங்கி நடந்துட்டு வந்தாச்சு. இனிமே கிரகணத்துக்கு நடை சாத்தணுமான்னு நேக்கு ஒரு சந்தேகம் சார்" என்று சொல்லிவிட்டு, உட்காரும்போதே, "இதை எங்காத்துல யாரும் சொல்லிடாதேங்கோ" என்று கும்பிட்டான். கடைசி பெஞ்சு தணிகாசலம், "பேங்க்கை எல்லாம் கவர்மெண்டு எடுத்துக்கிச்சாம் சார். எங்க ஊர்ல பேங்கே கெடையாது. எத்த எடுத்தாங்கன்னு எனுக்குப் புரியல" என்றான். நர்சம்மா மகள் விக்டோரியா சண்டைக்கே வந்துவிட்டாள். "பையனுங்களுக்குத் தோட்ட வேல, பொண்ணுங்களுக்குத் தையலு. யாரு சார் பிரிச்சது? எனுக்கு ஊசி கையில குத்துது. மம்பட்டி நல்லாப் புடிப்பேன்."

குணசுந்தரி கேட்டுக்கொண்டிருப்பாளே ஒழிய எழுந்திருக்க மாட்டாள். அவளிடம் இருந்த கருத்தெல்லாம் அப்பாவோடும் அம்மாவோடும் சொல்லித் தீர்ந்துபோகிற சின்னக் கருத்துகள். ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒரு புதன்கிழமை அது மாறிப்போனது.

விக்டோரியாவோடு சேர்த்து அந்தக் கிளாஸின் கிராமத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் தினமும் கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். காலை எட்டே முக்காலுக்கு மூடினால் லோக்கல், மெயில், கூட்ஸ் என்று ஒன்றன் வாலில் ஒன்றாக வரும். நடுவில் திறக்க வழி இல்லை. ஒன்பது இருபது வரைக்கும் மழையில் நிற்க வேண்டியதுதான். ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூட மணி. ஓடிப் போய்ச் சேர்ந்தால் சில நாள் உள்ளே, சில நாள் கிளாஸுக்கு வெளியே. குணசுந்தரி வீடு கேட்டை ஒட்டியே இருந்ததால் எட்டரைக்கே தாண்டிப் போய்விடுவாள்.

அந்தப் புதன்கிழமை விக்டோரியா பொறுக்கமாட்டாமல் கேட்டின் கீழ் நுழைந்தாள். சேற்றில் கால் வழுக்கித் தண்டவாளத்தின் மேல் குப்புற விழுந்தாள். மெயில் வரும் நேரம். பச்சையப்பன் கொடியை எறிந்துவிட்டு ஓடி, அவள் ஜடையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டார். அன்றைக்குச் சாயந்திரம் ரெஜிஸ்தர் எழுதும்போது மட்டும், "ஒம்போது... ஒம்போது..." என்று இரண்டு தரம் நின்றார். குணசுந்தரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் எழுந்து நின்றாள்.

"சார், நம்ம கேட்டு கிட்ட நடந்து போறவங்களுக்கு மேல ஒரு பாலம் வேணும் சார்."

ஏன் என்று வாத்தியார் கேட்டார். புதன்கிழமை நடந்ததை அவள் சொன்னாள். விக்டோரியா குனிந்து ஜடையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதைக் கிளாஸுக்குள்ள சொல்லி என்ன பிரயோஜனம்? பேப்பருக்கு எழுது. வாசகர் கடிதம்னு போடுவாங்க" என்றார் பாக்கியநாதன். "பத்தாம் வகுப்பு மாணவர்கள்னு எல்லார் பேர்லயும் போடு."

ஒரு முழுப் பக்கம் எழுதினாள் குணசுந்தரி. குண்டு குண்டான எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. வீட்டில் சொல்லவில்லை. அச்சில் வந்த பிறகு அப்பா மடியில் கொண்டுபோய் வைத்து, படித்துக் காட்டி, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அது வந்தது. ஆனால் மடியில் கொண்டுவந்து வைத்தது அவள் இல்லை, துளசிராமன். ஆறு மணிக்கு வருகிறவர் அன்று ஐந்தேகாலுக்கே சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். பேப்பர் நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தார்.

"பச்சையப்பா, பேப்பர்ல நம்ம கேட்டப் பத்திப் போட்டுக்கீறான்யா! ஸ்டேஷனே அல்லோலகல்லோலமா கீது. மாஸ்டரு உனுக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணாரு. செவ்வாக்கெழம காலைல இன்ஸ்பெக்டரு டிராலில வராராம். ரெஜிஸ்தர எடுத்து வைன்னாரு. எதுக்குன்னு சொல்லல."

"இதுக்குத்தான். கேளு." துளசிராமன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "காலை எட்டே முக்கால் முதல் ஒன்பது இருபது வரை எங்கள் ரயில்வே கேட் மூடியே கிடக்கிறது. நாங்கள் மழையில் நிற்கிறோம். பள்ளிக்குப் போனால் வெளியே நிற்கிறோம். கேட்டுக்காரர் என்ன செய்கிறார்? இப்படிக்கு, பத்தாம் வகுப்பு மாணவர்கள், திருவள்ளூர்."

அவ்வளவுதான் இருந்தது. மீதிப் பக்கத்தைப் பேப்பர்காரர்கள் இடமில்லை என்று வெட்டிவிட்டிருந்தார்கள். குணசுந்தரி மடியிலிருந்த ரெஜிஸ்தரின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கொள்ளில போறவன் எழுதனது?" என்று சின்னப்பொண்ணு அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "மனுசன் ஒரு வா கஞ்சி ஒயுங்காக் குடிக்க முடியாம ஓடிக்கினு கீறாரு. இன்னா செய்றாராமா? வந்து நின்னு பாக்கச் சொல்லு அவன!"

"உங்க கிளாசுதானே கண்ணு?" என்றார் பச்சையப்பன். "யாரு எழுதனது, தெரியுமா?"

"நான்தான் நைனா."

சின்னப்பொண்ணு கையிலிருந்த ஊதுகுழலைக் கீழே வைத்தாள். துளசிராமன், "நான் போயி வெளக்குக்கு எண்ண ஊத்தறேன்" என்று நைசாக நழுவிவிட்டார்.

பச்சையப்பன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பேப்பரை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் போல அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா செய்றாருன்னு கேட்டிருக்கியே கண்ணு. நீ பாக்கலியா?"

குணசுந்தரிக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. ஓடிப் போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். பேப்பருக்கு அனுப்பும் முன்னால் எழுதிப் பார்த்தது அதில் இருந்தது. விக்கிக்கொண்டே படித்தாள்.

"கேட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரயில் வருகிறபோது அவர் கேட்டைத்தான் மூட முடியும், ரயிலை மூட முடியாது. மூன்று ரயில் போன பிறகுதான் அவர் காலைக் கஞ்சி குடிக்கிறார். போன புதன்கிழமை ஒரு மாணவியின் உயிரைக் காப்பாற்றினார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஆகவே நடந்து போகிறவர்களுக்கு ஒரு பாலம் வேண்டும். பாலம் இருந்தால் அவரை யாரும் திட்ட மாட்டார்கள்."

"இத்த ஏன் போடல?" என்றாள் அம்மா.

"தெரியலமா. வெட்டிட்டாங்க."

பச்சையப்பன் மூக்கை உறிஞ்சினார். "நான் சாப்புடலன்றது உனுக்கு எப்பிடித் தெரியும்? நீ தூங்கிட்டன்னு நெனச்சேன்."

"தூங்கல."

அவர் மகள் தலையில் கையை வைத்தார். அந்தக் கை எப்போதும் கனம். "அழாத. உனுக்குத் தோணுச்சி, எழுதன. எழுதறது தப்புன்னா உன்ன எதுக்கு இஸ்கூலுக்கு அனுப்பிக்கினு கீறேன்?"

ஆனால் செவ்வாய்க்கிழமை வரப்போகிறதே, அதற்கு என்ன வழி? கேட் மூடினதில் தப்பில்லை என்பதை ரெஜிஸ்தரைக் காட்டினாலே போதும், ஒவ்வொரு நிமிஷமும் அதில் இருக்கிறது. அந்த ரெஜிஸ்தர்தான் வினை. பகல் பக்கமெல்லாம் பதினஞ்சு வயசுப் பெண்ணின் குண்டு எழுத்து. பார்த்த மாத்திரத்தில் கேட்பார்கள். பச்சையப்பனை ஓர் எழுத்து எழுதச் சொன்னால் போதும், வேலை போய்விடும். வேலை போனால் கேட் வீடும் போய்விடும். ஒரே ஓட்டமாக ஆந்திராப் பக்கம் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும், அங்கே பத்தாவதும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

துளசிராமன்தான் யோசனை சொன்னார். "ரெஜிஸ்தரு அத்தினியும் மழைல போடு. கூர ஒழுவி நனஞ்சி பூடுச்சின்னு சொல்லிக்கலாம். ஐப்பசில எவன் இல்லைம்பான்? புதுசு ஒண்ணு வாங்கி நான் எழுதித் தரேன்."

சனிக்கிழமை மத்தியானம் பச்சையப்பன் கூட்ஸுக்குக் கேட் மூடப் போன நேரத்தில் குணசுந்தரி மரப்பெட்டியைத் திறந்தாள். பழைய ரெஜிஸ்தர் ஐந்து. இப்போது நடப்பது ஒன்று. ஆறையும் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். கூரை ஓரத்தில் தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. செய்தவள் நான், சரிக்கட்டுவதும் நானே என்று அவளுக்குள் ஒரு வீறாப்பு. முதல் ரெஜிஸ்தரை நீட்டினாள். அட்டையில் நாலு சொட்டு விழுந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வெடுக்கென்று இழுத்தது.

"இன்னா பண்ற?"

"விடு நைனா. நனைச்சிர்றேன். யாருக்கும் தெரியாது."

பச்சையப்பன் தோளில் கிடந்த துண்டால் அட்டையைத் துடைத்தார். ஒரு குழந்தையைத் துவட்டுகிற மாதிரி ஓரம் ஓரமாகத் துடைத்தார். "ரெண்டு வருசம் எம்பக்கத்துல குந்திக்கினு எழுதனது இது. ரயிலு போயிடும், திரும்பி வராது. இதுல நிக்குது பாரு. இத்த மழைல போட எனுக்கு மனசு வரல கண்ணு."

"அப்ப கேட்டா இன்னா சொல்லுவ?"

"இன்னும் மூணு நாளு கீதே. நீ சொல்லிக் குடு. நான் எழுதறேன்."

அப்படி ஆரம்பித்தது அந்தப் பாடம். சனி, ஞாயிறு, திங்கள். ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் கிடைத்த நேரமெல்லாம் பாடம்தான். பென்சிலைக் கடப்பாரை பிடிப்பதுபோல் முஷ்டியில் பிடித்தார், முனை முறிந்தது. இன்னொன்று சீவிக் கொடுத்தால் அதுவும் முறிந்தது. கடைசியில் சின்னப்பொண்ணு அடுப்புக் கரித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "இத்தப் புடி. இது முறிஞ்சா கூடை கூடையாக் கீது" என்றாள். கேட் ரூம் சிமெண்டுத் தரை முழுக்க ஒன்றும் இரண்டும் மூன்றும் படுத்துக் கிடந்தன. ரயில் பேருக்கு லோ, மெ, கூ என்று முதல் எழுத்து மட்டும். எட்டுதான் அவரைப் படாத பாடு படுத்தியது. மேல் சுழி பெரிசாகிக் கீழ் சுழிக்கு இடமில்லாமல் போய்விடும்.

"இது இன்னாய்யா எட்டு?" என்றாள் சின்னப்பொண்ணு. "கீழ இட்டிலி, மேல சோத்துப் பானையா?"

"நீ போட்டுக் காமி பாப்பம்."

"எனுக்கு எதுக்கு? நான் இன்னா ரயில வுட்டு வாங்கறனா?" என்றவள், அப்புறம் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் ஈரமணலில் விரலால் ஒரு எட்டு போட்டுப் பார்த்ததைக் குணசுந்தரி பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாக்கியநாதன் சாரிடம் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான்தானேம்மா எழுதச் சொன்னேன்? உங்க அப்பாதான் கேட்டுக்காரர்னு நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை, அதனால் அவள் சொல்லவில்லை. விக்டோரியாதான் கிளாஸில் எல்லோரையும் கூட்டி, "நாளைக்கு எட்டரைக்கே எல்லாரும் கேட்டாண்ட வந்து நிக்கணும். கேட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கறவங்களும் சுத்திக்கினு வாங்க" என்று உத்தரவு போட்டாள்.

அன்று சாயந்திரம் கரித்துண்டை வைத்துவிட்டுக் குணசுந்தரி கேட்டாள். "நைனா, கேட்டப் பத்தி உன் கருத்து இன்னா?"

"எங் கருத்தா?" அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. கரி படிந்த கையைத் துண்டில் துடைத்தார். "மூடனா வையறாங்க. தொறந்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல. தொறக்கறப்ப என்னைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அப்பிடியே ஓடிர்றாங்க. அது நல்லதுதான். ஓடறாங்கன்னா உசிரோட கீறாங்கன்னு அர்த்தம்."

செவ்வாய்க்கிழமை தூறல். எட்டேமுக்காலுக்குக் கேட் மூடும்போது ரோட்டில் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். ராமபத்ரன் கோயில் தெருவிலிருந்து நடந்தே வந்திருந்தான். குணசுந்தரியும் வீட்டுக்குள் இருக்காமல் அவர்களோடு போய் நின்றாள். இரண்டு ஆள் தள்ள, மேலே குடை பிடித்தபடி இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து இறங்கினார். குட்டையான ஆள். பார்த்தால் கோபக்காரர் போலவும் இல்லை, நல்லவர் போலவும் இல்லை. ஆட்கள் டிராலியைத் தூக்கித் தண்டவாளத்துக்கு வெளியே வைத்தார்கள்.

லோக்கல் போனது. மெயில் போனது. கூட்ஸ் போனது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ரெஜிஸ்தரைப் புரட்டினார். கேட் ரூம் கதவு ரோட்டைப் பார்த்து இருந்ததால் பேச்சு முழுக்க வெளியே கேட்டது.

"மூடினதுல தப்பு ஒண்ணும் தெரியலை. நேரம் எல்லாம் ஸ்டேஷன் புக்கோட ஒத்துப் போகுது. இது யார் எழுத்து?"

துளசிராமன் ராத்திரி டியூட்டி முடிந்தும் போகாமல் நின்றிருந்தார். அவர்தான் முந்திக்கொண்டு, "அவருதுதாங்க. பச்சையப்பனுதுதான்" என்றார்.

"அப்படியா? இப்ப போன கூட்ஸை எழுது, பார்க்கலாம்."

பச்சையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேனாவைப் பிடித்தார். நாற்பது பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். 9. புள்ளி. 1. குணசுந்தரியின் விரல்களும் பாவாடையின் மேல் கூடவே எழுதின. 8. அவர் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார், அதற்கு மேலே இருந்த வரியைப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இரண்டும் ஒரே கை இல்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. இது யார் எழுத்து?"

பச்சையப்பன் எழுந்து நின்றார். "எம் பொண்ணு எழுத்துங்க. பகல்ல நடந்தத நான் மனசுல வச்சிக்கினு சொல்வேன், அது வந்து எழுதும். இந்த ஒரு வரிதான் நான் எழுதனது. மூணு நாளா அதுதான் சொல்லிக் குடுத்துச்சி."

"பொண்ணா? எங்கே?"

"தோ, நிக்குதுங்களே, ரெண்டு ஜடை போட்டுக்கினு." பச்சையப்பன் குரல் கொஞ்சம் எழும்பியது. பயத்தில் எழும்பவில்லை, பெருமையில்தான் எழும்பியது. "பேப்பர்ல எழுதனதும் அதுதாங்க. பாதிய வெட்டிட்டாங்களாம். மீதிதான் நல்லா இருந்துச்சி."

இன்ஸ்பெக்டர் வெளியே திரும்பிப் பார்த்தார். விக்டோரியா குணசுந்தரியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்கறயா? எல்லாத்தையுமா?" இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்தரை நடுவில் பிரித்தார். "போன வியாழக்கிழமை, பத்து மணிக்கு மேல."

பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "பத்து ஏழு, டவுன் லோக்கலு, நம்பரு எண்பத்தொண்ணு. பத்து முப்பத்து மூணு, அப் கூட்ஸு, நம்பரு பதினாலு. பதினொண்ணு ரெண்டு..."

"போதும், போதும்." இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்தரை மூடினார். சிரித்தாரா என்று கேட்டால், இல்லை. பையிலிருந்து காகிதம் எடுத்து நின்றபடியே எழுதினார். "ரூலு ரூலுதான். ஒரு வருஷம் உன் இன்கிரிமெண்ட் கட். வேலையிலிருந்து எடுக்கலை. இனிமே ஒவ்வொரு ரயிலையும் நீயே எழுதணும், அப்பவே எழுதணும். எழுதி முடிச்சப்பறம்தான் கேட்டைத் திறக்கணும். பொண்ணு கை இதுல பட்டதுன்னு தெரிஞ்சா அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாது. தெரியுதா?"

"தெரியுதுங்க."

டிராலி கிளம்பும்போது விக்டோரியாவுக்கு அடக்க முடியவில்லை. "சார், பாலம்?" என்று கத்தினாள்.

"மேலே எழுதறேன்" என்றார் அவர். எழுதினாரோ என்னவோ. அந்தப் பத்தாவது பிள்ளைகள் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் அங்கே பாலம் வரவில்லை, அது வேறு கதை.

அன்று சாயந்திரம் நாலே முக்காலுக்கு வந்து, வழக்கம்போல ரெஜிஸ்தரைத் தேடின குணசுந்தரியின் கை நடுவிலேயே நின்றுவிட்டது. இனி அதைத் தொடக் கூடாது. அம்மா கொடுத்த கேழ்வரகு அடையைத் தின்றுகொண்டு எதிரே உட்கார்ந்தாள். பச்சையப்பனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சொல்ல ஒரு நம்பரும் தலைக்குள் இல்லை, எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது காகிதத்தில் இறக்கிவிட்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு இஸ்கூல்ல இன்னா நடந்துச்சி?" என்று கேட்டார். "அத்த சொல்லு. எனுக்கு இப்ப தலைல எடம் நெறையக் கீது."

அவள் கிரகணத்தையும் ராமபத்ரனையும் பேங்க்கையும் சொல்ல ஆரம்பித்தாள். துளசிராமன் வரும்வரை சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து குணசுந்தரி எட்டரைக்குக் கிளம்பவில்லை. கேட்டுக்காரர் மகள் மட்டும் முன்னால் போவது நியாயமில்லை என்பது அவள் கருத்து. கிராமத்துப் பிள்ளைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். லோக்கல், மெயில், கூட்ஸ், மூன்றும் போய் முடிந்தன. கூட்ஸின் கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்தும் கேட் திறக்கவில்லை.

"இன்னாடி, ரயிலுதான் பூடுச்சே! உங்க நைனா இன்னா பண்றாரு?" என்றாள் விக்டோரியா.

குணசுந்தரி எட்டிப் பார்த்தாள். கேட் ரூமில் பச்சையப்பன் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. தோள் மெல்ல மெல்ல அசைந்தது.

"இரு" என்றாள் குணசுந்தரி. "அவசரப்படுத்தாத."

அவர் எழுந்து வந்து சங்கிலியை அவிழ்த்தபோது ஐந்து நிமிஷம் கூடவே ஆகியிருந்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று ஓடினார்கள். குணசுந்தரி மட்டும் ரூம் வாசலில் ஒரு நொடி நின்று, மேஜை மேல் மை காயாமல் கிடந்த வரியைப் பார்த்துவிட்டு ஓடினாள்.

பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்திருந்தது. ஏழு பேரும் கிளாஸ் வாசலில் மூச்சு வாங்க வரிசையாக நின்றார்கள். பாக்கியநாதன் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கேட்டா?"

"கேட்டுதான் சார்" என்றாள் குணசுந்தரி.

"ரயில் போன சத்தம் அப்பவே கேட்டுதே. அப்புறம் என்ன செஞ்சார் கேட்டுக்காரர்?"

"எழுதிக்கினு இருந்தாரு சார்."

கிளாஸில் யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் பேனாவை மேஜையில் வைத்தார்.

"சரியா எழுதினாராம்மா?"

"எல்லாம் சரி சார். எட்டு மட்டும் கொஞ்சம் சாஞ்சி போச்சி."

"சாய்ஞ்சா சாயட்டும்" என்றார் பாக்கியநாதன். "உள்ளே வாங்க, எல்லாரும்."

ஏழு பேரும் உள்ளே போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.